குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குத் தோட்டம் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வார்டுக் குழந்தைகளுக்குத் தோட்டம் போட்டுத் தருகிறேன் என்று ஆர்வத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நர்சரியில் தொடங்குகிறார்கள். பூச்செடிகள், புல்தரை, நடுவில் ஒரு நீரூற்று, மூலையில் ஒரு மான் பொம்மை எனப் பட்டியல் ஒரே நாளில் தயாராகிவிடும். அப்புறம் வார்டு சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, “இதுல பாதி இடத்துக்கு எங்க பிள்ளைங்க வரவே முடியாதே” என்பார்.

இந்த வேலையில் செடி ரொம்பப் பின்னால் வரும். கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையிடமிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும்: முதலில் ஜன்னல், பிறகு வாசல், பாதை, நிழல், தண்ணீர், மண். அதற்குப் பிறகே செடி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன. தமிழ்நாட்டு வெயிலையும் மழையையும் கணக்கில் வைத்து எழுதியிருக்கிறேன். கீமோ எடுக்கும் பிள்ளைகளை முன்னிட்டுச் சொன்னாலும், தலசீமியா (பரம்பரை ரத்த நோய்), சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை மாற்று வார்டுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. பேப்பரில் கோடு போடும் முன் யாரைப் பார்க்க வேண்டும்

முதல் ஆள் டீன் அல்லர், நன்கொடையாளரும் அல்லர். மருத்துவமனையின் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு. மண், தண்ணீர், பறவை, தூசு எல்லாமே அவர்கள் பொறுப்பில் வரும். திட்டம் முடிந்தபின் ஒப்புதலுக்குப் போனால் பாதியை வெட்டச் சொல்வார்கள். முதலிலேயே உட்கார வைத்துவிட்டால், எதை எப்படிச் செய்தால் ஒத்துக்கொள்ளலாம் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

இரண்டாவது, வார்டு சிஸ்டர்களும் ஆயாக்களும். பிள்ளையை வெளியே அனுப்பலாமா வேண்டாமா என்று தினமும் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: “இப்ப ஒரு பிள்ளை வெளியே போகணும்னு அழுதா, எங்க கூட்டிட்டுப் போறீங்க? எது தடுக்குது?” லிஃப்ட், பூட்டிய கதவு, அவசரத்துக்குக் கூப்பிட மணி இல்லாதது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது என்று பதில் வரும். அந்தப் பதில்களே உங்கள் முதல் வரைபடம்.

மூன்றாவது, பெற்றோரும் பிள்ளைகளும். பிள்ளைகளிடம் “தோட்டத்தில் என்ன வேண்டும்” என்று கேட்டால் ஊஞ்சல், யானை என்று சொல்வார்கள். “நாள் முழுக்க எது ரொம்ப போர்?” என்று கேட்டால்தான் உண்மையான தேவை தெரியும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். கார்ட்டூன் பொம்மைகள் நிறைந்த இடத்தில் உட்காருவது அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களுக்குக் கொஞ்சம் ஒதுக்குப்புறமான ஒரு திண்ணையும் போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக்கும் போதும்.

2. இடம் தேர்வு: ஜன்னலிலிருந்து பாருங்கள்

வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய், தலையணை உயரத்துக்குக் குனிந்து ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்று பாருங்கள். கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) குறைந்து அறையைவிட்டு வெளியே வர முடியாத பிள்ளைக்குத் தோட்டம் என்பது அந்த ஜன்னல் மட்டுமே. 1984-இல் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவைசிகிச்சை முடிந்த 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; வலுவான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. அவர்கள் பெரியவர்கள்தான். ஆனாலும் பார்வைக்கு மட்டும் என்று ஒரு பகுதியை ஒதுக்குவது ஏன் வீண்செலவு இல்லை என்று நிர்வாகத்திடம் சொல்ல இது உதவும்.

ஜன்னல் முடிவானதும், எதெல்லாம் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று பாருங்கள். ஜெனரேட்டர் புகை, கேன்டீன் புகைபோக்கி, மருத்துவக் கழிவு அறை, ஏசி கூலிங் டவர். கூலிங் டவரிலிருந்து பறக்கும் நீர்த்துளியில் நிமோனியா உண்டாக்கும் லெஜியனெல்லா கிருமி இருக்கலாம். கேன்டீன் வாசனை நமக்குச் சாதாரணம். கீமோ முடிந்த பிள்ளைக்கு எண்ணெய் தாளிக்கும் வாடை வந்தாலே வாந்தி வரலாம்.

மேற்கு பார்த்த இடம் மாலையில் கொதிக்கும். நம் ஊரில் பிள்ளைகள் வெளியே வரக்கூடிய நேரமே காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும்தான். கட்டடத்தின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கம் கிடைத்தால் மாலை நேரம் மிச்சமாகும்.

3. மூன்று அடுக்காகப் பிரியுங்கள்

எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் ஒரே நிலையில் இருப்பதில்லை. போன வாரம் ஓடிய பிள்ளைக்கு இந்த வாரம் கவுண்ட் இறங்கியிருக்கும். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால் தொற்று அபாயம் மிக அதிகம். அந்த நாட்களில் மண்ணும் தொட்டிச்செடியும் அருகில் வேண்டாம் என்பார்கள்.

அதனால் இடத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, கண்ணால் மட்டும் பார்க்கும் ஜன்னல் தோட்டம். இரண்டாவது, மண்ணே இல்லாத, கழுவி விடக்கூடிய தரையுள்ள வராண்டா. அங்கிருந்து பச்சை தெரியும், காற்று வரும், கைக்கு எட்டும் தூரத்தில் செடி இருக்காது. மூன்றாவது, நடந்து தொட்டுப் பழகும் முழுத் தோட்டம். எந்தப் பிள்ளை எதுவரை வரலாம் என்று தினமும் டாக்டர் சொல்லட்டும். இப்படிப் பிரிக்காவிட்டால் சிஸ்டர்கள் பயந்து எல்லோரையும் உள்ளேயே வைத்துவிடுவார்கள். அதில் தவறும் இல்லை.

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இரண்டாவது அடுக்கை. அதிகம் பயன்படப்போவதும் அதுதான்.

4. வாசலும் பாதையும்

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வரும் ஓர் அம்மாவைக் கவனித்துப் பாருங்கள். வாசலில் ஒரு அங்குலம் படி இருந்தால் போதும். ஸ்டாண்டின் முன்சக்கரம் முட்டி நிற்கும். தூக்கிவைக்க இன்னொரு கை கிடையாது. பாட்டில் ஆடும், டியூப் இழுபடும், கையில் ஊசி குத்தியிருக்கும் இடம் வலித்துப் பிள்ளை அழும். அவர் திரும்பிப் போய்விடுவார், மறுநாள் வரமாட்டார். தோட்டத்துக்கு எவ்வளவு செலவு செய்திருந்தாலும் அவருக்கு அது அந்த ஒரு அங்குலத்தோடு முடிந்துவிட்டது.

ஆகவே வாசலில் படியே கூடாது. கதவு கையை எடுத்தால் அறைந்து மூடிக்கொள்ளும் வகையாக இருக்கக்கூடாது. மழைநீர் உள்ளே வராமலிருக்க வாசலை உயர்த்தாமல், வெளியே ஒரு வடிகால் போடுங்கள். அதன் மூடியின் இடைவெளி ஸ்டாண்ட் சக்கரம் சிக்காத அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும்.

பேவர் பிளாக், கூழாங்கல், நடுவே புல் முளைக்கும் கல் பாதை எதுவும் வேண்டாம். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து கால் நரம்பைத் தளர்த்தக்கூடியது. சில பிள்ளைகளுக்கு நடக்கும்போது முன்பாதம் தூக்காது, தரையில் உரசும். அவர்களுக்கு அரை அங்குல மேடும் தடுக்கும். பிளேட்லெட் குறைந்திருக்கும்போது விழுந்தால் சாதாரண அடியே பெரிய ரத்தக்கட்டாகும். சொரசொரப்பான, இணைப்பு தெரியாத கான்கிரீட் தரைதான் சரி. வெள்ளையாக விட்டால் வெயிலில் கண் கூசும். காவி அல்லது மண் நிறம் கலந்துவிடுங்கள்.

பாதை குறைந்தது ஆறடி அகலம். இரண்டு வீல்சேர் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கத் தேவையிருக்காது. ஓரிடத்துக்காவது கட்டிலையே தள்ளிக்கொண்டு போக வழி வேண்டும். கட்டில் ஏழடி நீளம். எட்டடிப் பாதையும் திருப்பத்தில் தாராளமான இடமும் கேட்கும். கடைசி நாட்களில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாயத்தைக் காட்ட வேண்டும் என்று பெற்றோர் கேட்கும்போது, பாதை குறுகல் என்று சொல்லும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

சரிவு தேவைப்பட்டால் இருபது அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறக்கூடாது. விதிமுறையில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி அனுமதி உண்டு. ஆனால் சோர்ந்த பிள்ளையும் தூங்காத அப்பாவும் ஏறும் சரிவு அது.

பாதையின் எந்த இடத்திலிருந்தும் கூப்பிட மணி வேண்டும். அது நர்ஸ் ஸ்டேஷனில் ஒலிக்க வேண்டும். எஸ்டிமேட் குறைக்கும்போது முதலில் அடிபடுவது இந்த மணிதான். விடாதீர்கள். மணி இல்லாத தோட்டத்துக்கு எந்த சிஸ்டரும் பிள்ளையை அனுப்பமாட்டார்.

5. நிழலும் உட்காரும் இடமும்

மரம் நிழல் தர நாலைந்து ஆண்டு ஆகும். சிகிச்சைக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அதனால் திறப்பு நாளிலேயே கூரை இருக்க வேண்டும். தகரம் வேண்டாம், வெயிலில் அனல் இறங்கும், மழையில் சத்தம் தாங்காது. ஓட்டுக் கூரை அல்லது இரண்டடுக்கு நிழல்வலை நல்லது. மெத்தோட்ரெக்சேட், வோரிகொனசோல் போன்ற மருந்துகள் எடுக்கும் பிள்ளைகளுக்குத் தோல் வெயிலில் எளிதில் வெந்துவிடும். வாசலிலிருந்து கடைசி பெஞ்ச் வரை நிழல் அறுபடக்கூடாது.

பெஞ்ச் ஐந்தடி நீளம், முதுகுச் சாய்வோடு. பிள்ளை அம்மா மடியில் தலைவைத்துக் கால் நீட்டிப் படுக்க அவ்வளவு வேண்டும். ஓரங்கள் உருண்டையாக இருக்கட்டும். இரும்புக் கைப்பிடி காலை பதினோரு மணிக்கே சுடும், மரம் போடுங்கள். டிரிப்ஸ் பம்ப் சார்ஜ் செய்ய, நிழலுக்குள் மழை படாத பிளக் பாயின்ட் வையுங்கள். இல்லாவிட்டால் பம்ப் பேட்டரி எப்போது கத்துமோ என்ற பயத்திலேயே சீக்கிரம் எழுந்துவிடுவார்கள்.

வார்டு ஜன்னலுக்கும் பாதைக்கும் நடுவே நாலடி உயரப் புதர் வரிசை வையுங்கள். உள்ளே படுத்திருப்பவர்களை நடப்பவர்கள் எட்டிப்பார்ப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

6. தண்ணீர்

நீரூற்று வேண்டாம். செயற்கை ஓடை, தாமரைத் தொட்டி, மீன் குளமும் வேண்டாம். தெறிக்கும் துளியில் லெஜியனெல்லா, சூடோமோனாஸ் கிருமிகள் பரவலாம். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து வளர்ந்துவிடும். பிளேட்லெட் ஏற்கெனவே குறைந்த பிள்ளைக்கு டெங்கு வந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. சலசலப்பு வேண்டுமானால் காற்றில் உரசும் மூங்கில் இலை போதும். ஆனால் மூங்கிலைக் கணுவை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். கணுவுக்கு மேலே வெட்டினால் குழலில் மழைநீர் தங்கிக் கொசு வளரும்.

இன்னொன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். பெரிய மருத்துவமனைகளில் தோட்டத்துக்கு விடும் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். புல்தரைக்கு அது சரி. இந்தத் தோட்டத்துக்குத் தனிக் குழாயில் நல்ல தண்ணீர் இழுங்கள். ஸ்பிரிங்ளர் கூடாது; வேரடியில் சொட்டுநீர் மட்டும். அதுவும் தோட்டம் மூடியிருக்கும் நேரத்தில்.

7. மண்ணும் உரமும்

இயற்கை விவசாய ஆர்வம் உள்ளவர்கள் இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். சாணம், ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், இலைமக்கு ஆகியவை வயலுக்கு நல்லவை, இங்கே வேண்டாம். மக்கும் குவியலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை செழித்து வளரும். எதிர்ப்புச்சக்தி இல்லாத நுரையீரலில் அது உயிரையே பறிக்கும். உரம் தேவையானால் பொட்டலத்தில் வரும் உரத்தை மண்ணுக்குள் புதைத்து வையுங்கள்.

வெறும் மண் எங்கும் வெளியே தெரியக்கூடாது. தரையோடு படரும் செடியோ கூழாங்கல் மூடாக்கோ போடுங்கள். மழைக்காலத்தில் சேறு பாதைக்கு வழியாதபடி ஓரம் கட்டுங்கள். மண்ணிலும் சேற்றிலும் இருந்து தொற்றும் மீலியாய்டோசிஸ் தமிழ்நாட்டிலும் காணப்படுகிற நோய்; தலசீமியா உள்ளவர்களுக்கு அதன் ஆபத்து கூடுதல். வெறுங்காலோடு யாரையும் விடாதீர்கள்.

8. செடிகள்: வேண்டாதவற்றை முதலில் நீக்குங்கள்

நஞ்சுள்ளவை: அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி, உண்ணிச்செடி. மாநில மலர் என்று செங்காந்தளைக் கேட்பார்கள். அதிலுள்ள கொல்கிசின் ரத்த அணு உற்பத்தியையே தாக்கும், கூடவே கூடாது. எருக்கு, கள்ளிப் பால் கண்ணைக் கெடுக்கும். அலங்காரத்துக்கு எல்லா ஆபீஸிலும் நிற்கும் டைஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாய் வீங்கிவிடும்.

முள்ளுள்ளவை: ரோஜா, போகன்வில்லா, தொட்டாச்சிணுங்கி. கடைசியாகச் சொன்னதை விட மனம் வராது, எனக்கும்தான். ஆனால் பிளேட்லெட் குறைந்த விரலில் ஒரு கீறல் போதும். இலை மூடுவதைக் காட்ட வேண்டுமானால் ஜன்னலுக்கு எதிரே அகத்தி வையுங்கள். சாயங்காலம் இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்புவதைக் கட்டிலிலிருந்தே பார்க்கலாம்.

மரத்தில் முருங்கை வேண்டாம். கம்பளிப்பூச்சி அடையும், கிளை முறியும். தென்னை, நாகலிங்கம் காய் விழும் ஆபத்து. ஆல், அத்தி வகைகளுக்கு வௌவால் வரும். நாவல் பழம் விழுந்து பாதை வழுக்கும். புங்கமும் வேம்பும் போதும்.

வாசனை விஷயத்தில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மல்லிகை, செண்பகம், மனோரஞ்சிதம் என்று வரிசையாக வைத்துவிடுவார்கள். கீமோ குமட்டலில் இருக்கும் பிள்ளைக்கு அந்த மணத்திலிருந்து தப்பிக்க வழியில்லை. மணம் காற்றில் வராமல், பிள்ளை கேட்டால் மட்டும் வர வேண்டும். இலையைக் கசக்கினால்தான் மணக்கும் செடிகளை வையுங்கள்: கற்பூரவள்ளி, துளசி, எலுமிச்சைப்புல், திருநீற்றுப்பச்சிலை. கற்பூரவள்ளியின் தடித்த, மெத்தென்ற இலையை இரண்டு விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோய், பிடித்தால் இன்னொரு முறை, பிடிக்காவிட்டால் கையைத் தள்ளி வைத்துவிடலாம். ஊசியிலிருந்து சாப்பாடு வரை எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவுசெய்யும் ஒரு நாளில் அது அந்தப் பிள்ளையின் சொந்த முடிவு. தொட்ட பிறகு கை கழுவ வாசலில் பிள்ளை உயரத்தில் ஒரு குழாய் இருக்கட்டும்.

நித்தியகல்யாணியைச் சிலர் கேட்பார்கள். வின்கிரிஸ்டின் அதிலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் ஆசை நியாயமானது. தின்றால் நஞ்சு என்பதால் தடுப்புக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டாமல் வைத்து, பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதிவையுங்கள்.

9. கையால் செய்ய ஏதாவது

அமெரிக்காவில் சான் டியாகோ குழந்தைகள் மருத்துவமனையில் 1997-இல் திறந்த தோட்டத்தை ஆராய்ந்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. வந்தவர்களுக்கு இடம் பிடித்திருந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குப் பயன்படவில்லை. இன்னும் மரமும் பசுமையும், பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்க ஏதாவதும் வேண்டும் என்பது அதில் வந்த முக்கியமான கோரிக்கை.

சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீர் நீலமாகும். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாக மாறும். குடிக்க அல்ல, பார்க்க. பிள்ளைகள் விதையை வாயில் போடாமலிருக்க, காய்களை மட்டும் அவ்வப்போது பறித்துவிடுங்கள். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு கூடாகி இறக்கை விரிப்பது வரை சில வாரம் தொடர்ந்து பார்க்கலாம். எலுமிச்சையில் முள் இருப்பதால் கறிவேப்பிலையே கைக்கு அருகில் இருக்கட்டும். பத்துமணிப்பூ இன்று எத்தனை மணிக்கு விரிந்தது என்று ஜன்னலிலிருந்து பார்த்துச் சிலேட்டில் எழுதுவது ஒரு பொறுப்பு. நாளைக்கும் வந்து எழுத வேண்டுமே என்ற எண்ணத்தை அது தரும்.

உயர்த்திய செடிப்பாத்தி இரண்டு உயரத்தில் வேண்டும்: சின்னப் பிள்ளை நின்று தொட ஒன்றே முக்கால் அடி, வீல்சேர் கீழே நுழைய இரண்டரை அடி. மண்ணைக் கிளறுவது, களை எடுப்பது ஆகியவை தன்னார்வலர் வேலை. விதையைப் பிள்ளை ஸ்பூனால் போடட்டும்.

10. பெற்றோரும் உடன்பிறந்தவர்களும்

வெளியூரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் இவை. பிள்ளை முன்னால் அழமாட்டார்கள். அழ ஓரிடம் வேண்டும்: பாதையிலிருந்து ஒதுங்கி, இரண்டு பேர் உட்கார, முதுகுக்குப் பின்னால் சுவர் அல்லது அடர்ந்த புதர். ஊருக்குப் போன் செய்து பணத்துக்கு ஏற்பாடு பண்ணுவதும் அங்கேதான் நடக்கும்.

வார்டுக்குள் பெரும்பாலும் அண்ணன் தங்கைகளை விடமாட்டார்கள். தோட்டத்துக்கு வெளிவாசல் ஒன்று தனியாக இருந்தால், சளி, காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டு அவர்களை அந்த வழியே விடலாம். நோயாளிப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய மருந்து குறைவு என்று சிஸ்டர்களே சொல்வார்கள்.

சாமி சிலை எதுவும் வைக்காதீர்கள். எல்லா மதத்தவரும் வருவார்கள். கும்பிட ஓர் அமைதியான மூலை இருந்தால் போதும். இறந்த பிள்ளைகள் பெயரில் மரமும் கல்வெட்டும் வைக்க நன்கொடையாளர்கள் விரும்புவார்கள். அந்தத் துக்கத்துக்கு மரியாதை வேண்டும். ஆனால் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் அப்பா தினமும் அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டு நடக்கக்கூடாது. வேறு இடத்தில், வேறு வாசலில் வையுங்கள்.

11. கட்டும் நாட்கள்

மண் தோண்டும்போது பறக்கும் தூசில் ஆஸ்பெர்ஜில்லஸ் வரும். தோட்டமே நோய்க்குக் காரணமாகிவிடக் கூடாது. வேலை தொடங்கும் முன் அந்தப் பக்க ஜன்னல்களை டேப் ஒட்டி அடையுங்கள். தகரத் தடுப்பு, தினமும் தண்ணீர் தெளிப்பு, மண் லாரிக்குத் தனி வழி எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். மஜ்ஜை மாற்றுப் பிள்ளைகளை வேறு பக்கம் மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் தரை வேலையை முடித்துவிடுவது நல்லது.

12. பராமரிப்பு, திறப்புக்குப் பின்

கட்டப் பணம் கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது. ஐந்து ஆண்டுக்குத் தோட்டக்காரர் சம்பளத்தைத் தனியாக வைத்துவிட்டே தொடங்குங்கள். தினமும் செய்ய வேண்டியவை: பாதையை ஈரத்துணியால் துடைப்பது, உதிர்ந்த இலை அகற்றுவது, புறா எச்சம் பார்ப்பது. புறா எச்சத்தில் நுரையீரலையும் மூளையையும் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருக்கலாம். யாரும் தானியம் போடக்கூடாது. வாரம் ஒருமுறை தொட்டித் தட்டு முதல் கூரை ஓரம் வரை தேங்கிய நீரைத் தேடுவது.

சாவி யாரிடம் என்பதைத் திறப்பு விழாவுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். செக்யூரிட்டி அறையில் சாவி இருந்தால் தோட்டம் பூட்டியே கிடக்கும். வார்டு சிஸ்டர் மேஜையில் இருக்கட்டும்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் சிஸ்டர்களோடும் பெற்றோரோடும் ஒருமுறை உட்காருங்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மட்டும் கேளுங்கள். பெஞ்சை நகர்த்துவதும், வழுக்கிய இடத்தைக் கொத்திவிடுவதும், பிடிக்காத செடியைப் பிடுங்குவதும் அப்போது செய்ய வேண்டிய வேலைகள். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருங்கள்.